மலைவேட்டைக்குக் குறைந்த விலை டீப்பிக் கூடாரம்: எதைப் பார்த்து வாங்குவது, எதை மாற்றிக்கொள்வது

சிங்கப்பூரில் வனவிலங்குகளை வேட்டையாடச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே வேட்டையில் நாட்டமுள்ள நம்மவர்கள் பலர் நாடுவது நியூசிலாந்தைத்தான். அங்குள்ள மான்களும், 1904இல் கொண்டுவந்து விடப்பட்ட இமாலய வரையாடுகளும் (பார்வைக்கு நம் நீலகிரி வரையாட்டை ஒத்தவை) அந்த மண்ணுக்கு உரியவை அல்ல. அவை மலைத் தாவரங்களைத் தின்று தீர்ப்பதால், பொதுநிலத்தில் அவற்றை வேட்டையாட அந்நாட்டு இயற்கைக் காப்புத் துறை அனுமதிச் சீட்டு வழங்குகிறது. துப்பாக்கிக்குப் பார்வையாளர் உரிமம் தனியாக வேண்டும். அதற்கான விண்ணப்பத்தைப் பயணத்துக்கு நெடுநாள் முன்பே அனுப்பிவிட வேண்டும். இவையெல்லாம் முடிந்த பிறகு, எங்கே படுப்பது என்ற கேள்வி எழும். இயற்கைக் காப்புத் துறையின் மலைக்குடில்கள் 900க்கும் மேல் இருந்தாலும், விலங்கு நடமாடும் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் பெரும்பாலும் குடில் இருக்காது. செம்மான் கத்தும் பருவமான மார்ச் இறுதியும் ஏப்ரலும் அங்கே இலையுதிர் காலம். பகலெல்லாம் நனைந்து திரும்பினால் இரவில் குளிர் எலும்பைத் தொடும்.

நடுவில் ஒரே கம்பம், சுற்றிலும் சரியும் துணி, தரைவிரிப்பு இல்லாத அடி, உள்ளே ஒரு சிறிய விறகடுப்பு என்ற அமைப்புடைய டீப்பிக் கூடாரத்தை மலைவேட்டைக்காரர்கள் விரும்புவதற்குக் காரணம் இந்த ஈரம்தான். நிமிர்ந்து நின்று உடை மாற்றலாம், சேறு படிந்த காலணியோடு உள்ளே வரலாம், நனைந்த சட்டையைக் கம்பத்தைச் சுற்றிக் கட்டிய கொடியில் உலர்த்தலாம். கூம்பு வடிவமும் அடுப்பும் சேர்ந்தால் குளிர்காலத்துக்கு ஏற்ற வீடாகும் என்பதை வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகளின் கூடாரங்களைப் பார்த்து அறிந்த ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்லி என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி, 1856இலேயே அப்படிப்பட்ட கூடாரத்துக்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார். இன்று மெல்லிய நைலானில், அடுப்புக்கான திறப்போடு அமெரிக்காவில் தைத்து வரும் உயர்தர டீப்பியை அடுப்போடு சேர்த்து வாங்கினால் செலவு ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டும். சீனத் தயாரிப்புகளோ 200 முதல் 400 வெள்ளிக்குள் இணையத்தில் கிடைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் மலிவான பொருள்களுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு. அது இப்போது 9 விழுக்காடாக இருப்பதால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த விலைக்குள் நல்ல கூடாரம் அமையுமா என்று கேட்டால், அமையும் என்பேன். ஆனால் ஒன்றில் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். துணியும் வெட்டும் பின்னால் மாற்ற முடியாதவை. முளை, கயிறு, கம்பம், தையல் கோட்டின் நீர்த்தடுப்பு, அடுப்புக்குழாய்த் திறப்பு, கீழ்ப்பட்டை, கொசுவலை ஆகிய எல்லாவற்றையும் நாமே மாற்றலாம், சேர்க்கலாம். எனவே பணத்தைத் துணிக்கும் வெட்டுக்கும் கொடுங்கள். கூடவே வரும் இலவசப் பொருள்களைப் பார்த்து மயங்காதீர்கள்.

துணி

குறைந்த விலை டீப்பிகளில் மூன்று வகைத் துணி வருகிறது. முதலாவது, உள்பக்கம் பாலியூரித்தேன் பூசிய தடித்த பாலியெஸ்டர். இது விலை குறைவு, எடை அதிகம். நால்வர் கூடாரம் கம்பம் முளையோடு நாலைந்து கிலோவைத் தொடும். காரிலிருந்து இறங்கி அங்கேயே கூடாரம் அடிப்பவருக்கு இது போதும். முதுகில் சுமந்து நாளெல்லாம் ஏறுபவருக்கு ஆகாது. இரண்டாவது, இருபுறமும் சிலிக்கோன் ஏற்றிய நைலான். எடை மிகக் குறைவு, கிழிசலைத் தாங்கும். ஆனால் நனைந்தால் நீண்டு தொய்யும் என்பதால் இரவில் ஒருமுறையாவது எழுந்து இழுத்துக் கட்ட வேண்டிவரும். மூன்றாவது, சிலிக்கோன் ஏற்றிய பாலியெஸ்டர். கிழிசலைத் தாங்கும் வலிமை நைலானைவிடச் சற்றுக் குறைவு என்றாலும், நீரை அதிகம் உறிஞ்சாது, மழையில் தொய்யாது. மழை நிற்காத பள்ளத்தாக்குகளுக்குப் போகும் நமக்கு என் தேர்வு இந்த மூன்றாவதுதான். அது கிடைக்காவிட்டால் சிலிக்கோன் நைலான்.

சிங்கப்பூர்வாசிகள் பாலியூரித்தேன் பூச்சைத் தவிர்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து அந்தப் பூச்சை மெல்லச் சிதைக்கும். முதலில் புளித்த வாடை வரும், பிறகு துணி பிசுபிசுக்கும், கடைசியில் பூச்சு செதிலாக உரியும். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் நிறைந்த நம் ஊரில் பையில் அடைத்து வைத்த கூடாரத்துக்கு இது வேகமாக நேர்கிறது. பழைய கூடாரத்தை யாரிடமாவது நேரில் வாங்கப் போனால் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். உள்பக்கத்தை இரு விரலால் ஒட்டிப் பிரித்துப் பாருங்கள். பிசுக்கு இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

விற்பவர் ‘சிலிக்கோன்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. கூடாரம் கைக்கு வந்ததும் அதன் ஓரத்தில் சாதாரண ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி இழுத்துப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் உரிந்து வந்தால் அந்தப் பக்கம் சிலிக்கோன். இறுகப் பிடித்தால் வேறு பூச்சு. வெளிப்பக்கம் சிலிக்கோனும் உள்பக்கம் பாலியூரித்தேனுமாக வரும் கலப்புத் துணிகளும் உண்டு. எனவே இருபுறமும் சோதியுங்கள். பின்னால் தையல் கோட்டை அடைக்கும்போது எந்தப் பசை எந்தப் பக்கத்துக்கு என்பதை இந்தச் சோதனைதான் முடிவு செய்யும்.

அளவும் சரிவும்

விளம்பரத்தில் உள்ள ‘நால்வர்’, ‘அறுவர்’ என்ற கணக்கு, ஆட்களைத் தரையில் நெருக்கி அடுக்கினால் வருவது. கூம்பின் சுவர் சரிவதால் தரையில் தெரியும் பரப்பு தலைமட்டத்தில் இருக்காது. 2.2 மீட்டர் உயரமும், நடுவிலிருந்து ஓரத்துக்கு 1.8 மீட்டரும் உள்ள ஒரு டீப்பியை எடுத்துக்கொள்வோம். தரைப்பரப்பு ஏறக்குறைய 10 சதுர மீட்டர். உட்கார்ந்தவரின் தலை சுமார் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த மட்டத்தில் எஞ்சுவது சுமார் 3.5 சதுர மீட்டர், அதாவது மூன்றில் ஒரு பங்குதான். அதற்குள் அடுப்பும் விறகும் பையும் துப்பாக்கியும் இருக்க வேண்டும். அடுப்போடு வசதியாக இருக்க, நால்வர் டீப்பியில் இருவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவர் போவதானால் அறுவர் அளவு பாருங்கள்.

உயரத்தை மட்டும் கூட்டி அடியைக் குறைத்த வெட்டு காற்றில் தள்ளாடும். அடியை மட்டும் அகலமாக்கித் தாழ்த்திய வெட்டில் படுத்திருப்பவரின் கால்மாட்டில் துணி உரசி, அதில் படிந்த நீர்த்துளிகள் தூக்கப்பையை நனைக்கும். உயரம் அடியின் ஆரத்தைவிடச் சற்றே கூடுதலாக இருப்பது நல்லது. வடிவத்தில் ஆறு பக்கம் உள்ளது எனக்குப் பிடிக்கும். நாலு பக்கக் கூம்பு அடிக்க எளிது, ஆனால் அதன் தட்டையான பெரிய சுவர்கள் பலத்த காற்றில் உள்ளே குழியும். எட்டுப் பக்கத்துக்கு அத்தனை முளை அறைய நிலம் இடம் தராது.

வாங்கும் முன் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியவை சில உள்ளன. உச்சியில் கம்பம் முட்டும் இடத்தில் இரட்டைத் துணியாவது இருக்க வேண்டும். ஒவ்வொரு முளைக்கண்ணிலும் தையல் நெருக்கமாகத் திரும்பத் திரும்ப ஓடியிருக்க வேண்டும். உச்சியருகே குறைந்தது இரண்டு காற்றுத் திறப்புகள் எதிரெதிராக இருக்க வேண்டும். இந்தத் திறப்புகள் இல்லாத கூடாரத்தில் அடுப்பு மூட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

தையல் கோட்டை அடைத்தல்

சிலிக்கோன் துணியில் நாடா ஒட்டாது என்பதால் தையல் கோடுகள் பெரும்பாலும் அடைக்கப்படாமலே வரும். இதற்கென விற்கும் குழாய்ப் பசையையும் வாங்கலாம், வன்பொருள் கடையில் கிடைக்கும் நிறமற்ற முழுச் சிலிக்கோன் பசையை வாங்கி நீர்க்கச் செய்தும் பூசலாம். பழைய கண்ணாடிப் போத்தலில் பசையைப் பிதுக்கி, ‘ஒயிட் ஸ்பிரிட்’ என்று பெயின்ட் கடையில் கேட்டால் தரும் தின்னரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் குச்சியால் கலக்குங்கள். முதலில் இரண்டும் சேராமல் திப்பித்திப்பியாக நிற்கும். விடாமல் கிண்டினால் தேநீருக்கு ஊற்றும் கெட்டிப்பால் பதத்துக்கு வரும். அந்தப் பதம்தான் வேண்டும். அதைவிட நீர்த்தால் ஓடிவிடும், கெட்டியாக இருந்தால் ஊசித்துளைக்குள் இறங்காது.

கூடாரத்தை இறுக்கமாக அடித்து, வெளிப்பக்கம் சிலிக்கோனாக இருந்தால் வெளியிலிருந்து, ஒவ்வொரு தையலுக்கும் இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் தூரிகையால் தேய்த்துப் பூசுங்கள். துணி இறுகியிருக்கும்போது ஊசித்துளைகள் விரிந்திருக்கும், பசை உள்ளே போகும். உச்சியையும், கயிற்றுக் கண்கள் தைத்த இடங்களையும் இருமுறை பூசுங்கள். ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, முகப்பவுடரை மெல்லத் தூவித் துடைத்தால் மடிக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டாது. பாலியூரித்தேன் பக்கத்துக்கு இந்தக் கலவை நிற்காது. அதற்குப் பாலியூரித்தேன் பசைதான் வேண்டும், அதை உள்பக்கம் பூச வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் முழுக் கூடாரத்தையும் விரிக்க இடமிராது. கொடிக்கம்பில் ஒவ்வொரு பக்கமாகத் தொங்கவிட்டு, கீழ்விளிம்பில் எடை கட்டி இறுக்கிப் பூசலாம். சன்னல்களைத் திறந்துவையுங்கள், அடுப்படியில் நெருப்பு வேண்டாம்.

அடுப்புக்குழாய்த் திறப்பு

தொழிற்சாலையிலேயே திறப்பு வைத்து வரும் டீப்பி கிடைத்தால் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து அதையே வாங்குங்கள். நல்ல துணியும் வெட்டும் உள்ள, ஆனால் திறப்பில்லாத கூடாரம் கிடைத்தால், சிலிக்கோன் பூசிய கண்ணாடியிழைத் துணியில் 30 சென்டிமீட்டர் சதுரம் வாங்கித் தைத்துக்கொள்ளலாம்.

இடம் குறிப்பதில்தான் கவனம் வேண்டும். கூடாரத்தை அடித்து, நடுக்கம்பத்திலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் தள்ளி, வாசல் அல்லாத ஒரு பக்கத்தின் நடுவில் அடுப்பை வையுங்கள். மேலே சொன்ன அளவுக் கூடாரத்தில், 40 சென்டிமீட்டர் உயர அடுப்பின் மேல்மட்டத்தில் பார்த்தால் சுவர் அடுப்பின் மையத்திலிருந்து 85 சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருக்கும். அது போதிய இடைவெளி. பிறகு துணியின் உள்பக்கத்திலிருந்து ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, நட்டு அடுப்பின் குழாய்வாயின் நடுவில் நிற்கும் வரை நகர்த்துங்கள். நூலின் மேல்நுனி தொடும் புள்ளிதான் திறப்பின் மையம். அதைச் சாக்குக் கட்டியால் குறியுங்கள்.

முதலில் கண்ணாடியிழைத் துண்டை வெளியிலிருந்து வைத்து ஓரமாக இருவரி தைக்க வேண்டும். தைத்த பிறகே உள்ளே இருக்கும் கூடாரத் துணியை, தையலிலிருந்து மூன்று சென்டிமீட்டர் உள்ளே வெட்டி, விளிம்பை மடித்து மீண்டும் தைக்க வேண்டும். முதலிலேயே வெட்டிவிட்டால் வழுக்கும் துணி கோணலாக இழுபட்டுவிடும். வீட்டுத் தையல் இயந்திரம் திணறினால் தேக்கா சந்தையின் மாடியில் இருக்கும் தையற்காரர்களிடம் சாக்குக் கட்டிக் குறியோடு கொடுத்து, எதை எதன் மேல் வைப்பது என்பதை உடனிருந்து சொல்லுங்கள். தையல்கள் குழாயை ஒட்டி இராமல் சில சென்டிமீட்டர் விலகியிருப்பதால் நல்ல பாலியெஸ்டர் நூல் போதும். தையல் முடிந்ததும் அந்த வரிகளுக்கும் சிலிக்கோன் பூசுங்கள்.

குழாய்க்கான துளை வட்டமாக இருக்கக் கூடாது. செங்குத்தான குழாய் சரிந்த துணியைத் துளைப்பதால் துளை நீள்வட்டமாகும். நம் எடுத்துக்காட்டுக் கூடாரத்தின் சரிவில், 6.5 சென்டிமீட்டர் குழாய்க்கு மேலிருந்து கீழாக ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் வேண்டும். முதலில் அதைவிடச் சிறிதாக வெட்டி, கூடாரத்தை அடித்துக் குழாயை நுழைத்துப் பார்த்துப் பெரிதாக்குங்கள். கண்ணாடியிழையை வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். பயன்படுத்தாத வேளையில் மழை இறங்காதிருக்க, திறப்பை மூடும் மடிப்பு ஒன்றையும் மேற்புறம் தைத்துவிடுங்கள்.

குழாய் கூடாரத்தின் உச்சியைவிடச் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். தாழ்ந்தால் பொறி துணியின்மேல் விழுந்து ஊசிமுனை ஓட்டைகளை இடும். உச்சியில் பொறித்தடுப்பு வலையும், காற்றில் ஆடாதிருக்கக் குழாயைக் கட்டும் மெல்லிய கம்பிகளும் வேண்டும். நைலானும் பாலியெஸ்டரும் தீயில் உருகுபவை என்பதால் தூங்கும் முன் அடுப்பை அணைத்துவிடுங்கள். மின்கலத்தில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை வாங்காமல் கூடாரத்தில் அடுப்பு மூட்டாதீர்கள். செலவைக் குறைக்க ஆயிரம் வழி உண்டு, இந்தக் கருவியை விடுவது அவற்றுள் ஒன்றல்ல. நியூசிலாந்தில் இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப நெருப்புக் கட்டுப்பாடுகள் மாறும். புறப்படும் முன் அந்த வட்டாரத்தின் நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற மாற்றங்கள்

கூடவே வரும் மெல்லிய கம்பி முளைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒய் வடிவ அலுமினிய முளைகளை 20 சென்டிமீட்டர் நீளத்தில் வாங்குங்கள். ஒற்றைக் கம்பக் கூடாரம் முழுவதும் முளைகளின் பிடிப்பில் நிற்பது. கயிற்றை இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் ஒளிதிருப்பும் கயிறாக மாற்றுங்கள். இவை பீச் ரோட்டின் ராணுவச் சந்தையில் நியாயமான விலைக்குக் கிடைக்கும். தேசிய சேவையில் பாஷா எனும் மழைத்துணிக் கூரை கட்டிப் பழகியவர்களுக்கு அங்கே எதைக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு பக்கச் சுவரின் நடுவிலும் இழுகயிறு கட்டக் கண் இல்லையென்றால், அதே வகைத் துணியின் வட்டத் துண்டில் நாடாக்கண் தைத்து, அதைச் சுவரில் சிலிக்கோன் பசையால் ஒட்டி, மேலே புத்தகங்களை அடுக்கி ஒரு நாள் விடுங்கள். சுவரில் ஊசி படாது, பிடிப்பும் உறுதியாக இருக்கும்.

துணியின் கீழ்விளிம்புக்கும் தரைக்கும் இடையில் காற்று நுழைந்தால் அடுப்பின் சூடு நிற்காது. 20 சென்டிமீட்டர் அகல மெல்லிய துணியைச் சுற்றிலும் கீழ்ப்பட்டையாகத் தைத்து, அதன்மேல் கற்களோ மண்கட்டியோ வைத்தால் குளிர் அடங்கும். ஆனால் அடுப்பு எரியும்போது ஒரு பக்கமாவது பட்டையைத் தூக்கிவிட்டுக் காற்று வரவிடுங்கள். வாசல் ஜிப்பின் அடியில் ஒரு சிறு கொக்கிப்பூட்டுத் தைத்துவிட்டால் இழுவிசையை அது தாங்கும், ஜிப் பிளக்காது.

தென்தீவின் மேற்குக் கரையில் சாண்ட்ஃபிளை எனும் சிறு கடி ஈக்கள் மொய்க்கும் என்பதால் தரையில்லாத டீப்பிக்கு உள்வலை அவசியம். பாதிக் கூடாரத்தை மட்டும் மூடும் அரைவலை போதும், மறுபாதி அடுப்புக்கும் காலணிக்கும். அடுப்பருகே வலையின் விளிம்பு வராதபடி பின்னால் இழுத்துக் கட்டுங்கள்.

அடித்துப் பார்த்தல்

பாசிர் ரிஸ் அல்லது ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் முகாம் அனுமதி பெற்று ஓர் இரவாவது இதை அடித்துப் பாருங்கள். அடுப்பு மூட்ட அங்கே அனுமதியில்லை, மழைச் சோதனைக்கு மட்டும். ஆறு பக்கக் கூம்பை விரைவாக அடிக்க ஒரு வழி இருக்கிறது. சீரான ஆறுபக்க வடிவில் நடுவிலிருந்து மூலைக்குள்ள தூரமும் ஒரு பக்கத்தின் நீளமும் ஒன்றே. எனவே அந்த நீளத்தில் இரு முனையிலும் கண் போட்ட ஒரே ஒரு நூற்கயிறு போதும். நடுவில் ஒரு முளை அறைந்து, கயிற்றை நீட்டித் தரையில் சுற்றிலும் ஒரு வட்டம் கீறி, அதன்மேல் முதல் மூலையைக் குறியுங்கள். அங்கிருந்து அதே கயிறு வட்டத்தைத் தொடும் இடம் அடுத்த மூலை, அதிலிருந்து அடுத்தது என ஆறும் அமைந்துவிடும். முளைகளை அறைந்த பிறகு கம்பத்தை உள்ளே நிறுத்தி உயர்த்தினால் சுருக்கமில்லாமல் எழும்பும். இருட்டில், மழையில், களைத்த கையோடு அடிக்கும்போது இந்தக் கயிற்றின் அருமை தெரியும்.

டிசம்பர், ஜனவரியின் வடகிழக்குப் பருவமழை கிடைத்தால் நல்லது. உள்ளே கைவிளக்கோடு உட்கார்ந்து ஒவ்வொரு தையலையும் தடவிப் பாருங்கள். கசியும் இடத்தை அப்போதே குறித்துக்கொண்டு காய்ந்த பிறகு மறுபடி பூசலாம். இடி மின்னல் தொடங்கிவிட்டால் உடனே கூரையுள்ள கட்டடத்துக்குப் போய்விடுங்கள்.

பயணமும் பராமரிப்பும்

நியூசிலாந்து உயிர்ப்பாதுகாப்பு அதிகாரிகள் கூடாரத்தையும் காலணியையும் மிகக் கவனமாகப் பார்ப்பார்கள். பயன்படுத்திய முகாம் பொருள்களை வருகைப் படிவத்தில் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். முளைகளில் ஒட்டிய மண், கீழ்ப்பட்டையின் மடிப்பில் சிக்கிய புல்விதை, ஜிப்பின் பல்லிடுக்குத் தூசி ஆகியவற்றைப் பழைய பல்தூரிகையால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி எடுத்துச் செல்லுங்கள். அடுப்பின் சாம்பலையும் கரியையும் துடைத்துவிடுங்கள். எரிவாயுக் குப்பி, தின்னர் எதுவும் விமானத்தில் ஏற்ற முடியாது, தேவையானதை அங்கே வாங்கிக்கொள்ளலாம். கம்பத்தின் துண்டுகள் உங்கள் பெட்டியில் அடங்குமா என்பதை வாங்கும்போதே அளந்துவிடுங்கள்.

திரும்பியதும் கூடாரத்தை அமுக்கிய பையிலேயே விட்டுவிடாமல், அன்றே பிரித்து நிழலில் தொங்கவிட்டு, தையல் மடிப்புகள் தொட்டால் முழுக்க உலர்ந்திருக்கும் வரை காத்திருங்கள். நம்மில் பலர் வீட்டின் பாம் ஷெல்டர் எனும் குண்டுக்காப்பு அறையில்தான் இத்தகைய பொருள்களைப் போட்டு வைக்கிறோம். காற்றோட்டம் குறைந்த அந்த அறை கூடாரத்துக்கு நல்லதல்ல. பெரிய பருத்தித் தலையணை உறையில் தளர்வாகத் திணித்து, ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றைப் போட்டு, குளிர்சாதனம் ஓடும் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து உதறிப் பார்த்து, பொட்டலத்தை மாற்றுங்கள்.